முதுகுவாயர்

ஓர்சிலோஸுக்குத் தெரிந்த பாட்டு நூறு இருக்கும். ஆனால் எந்த வீட்டு விருந்துக்குப் போனாலும், மதுவில் தண்ணீர் கலந்து முதல் கிண்ணம் சுற்றி வருவதற்குள் யாராவது ஒருத்தர், "பாணரே, அந்த முதுகுவாயர் பாட்டு" என்று ஆரம்பித்துவிடுவார். அப்புறம் வேறு எந்தப் பாட்டும் எடுபடாது. எங்கள் கால்கிஸ் ஊரில் பிள்ளை கூழ் குடிக்க அடம்பிடித்தால் தாய்மார் மிரட்டுவதுகூட அந்தப் பேரைச் சொல்லித்தான். இருபது வருஷமாக அந்த ஒரு பாட்டுதான் அவனுக்கு இறைச்சி போட்டது, மேலாடை கொடுத்தது, மிர்தோ மாதிரி ஒரு பெண்ணைக் கட்டிவைத்தது.

பாட்டில் வருகிற ஊர் இப்படி. மேற்கே ஒரு தீவில், புகை விடுகிற மலைக்குக் கீழே இருக்கிறது. அங்கே ஒரு ஜனம். அவர்களுக்குச் சபை கிடையாது, சட்டம் கிடையாது, தெய்வ பயம் கிடையாது. கரையொதுங்கி வந்தவனைக் கூட்டிக்கொண்டு போய் வயிறு முட்டச் சாப்பாடு போடுவார்கள். அவன் சாப்பிடும்போது அவனுக்கு முதுகைக் காட்டி உட்காருவார்கள். ஏன் தெரியுமா? அவர்களுக்கு இன்னொரு வாய் இருக்கிறது. பிடரிக்குக் கீழே, இரண்டு தோளெலும்புக்கும் நடுவில். அது மெல்லத் திறக்கும். இந்த இடம் வரும்போது ஓர்சிலோஸ் யாழின் நரம்புகளை உள்ளங்கையால் அமுக்கிச் சத்தத்தை நிறுத்துவான். கூடத்தில் ஒருத்தர்கூட மூச்சுவிட மாட்டார். நரைத்த ஆம்பிளைகள்கூடத் தங்கள் பிடரியைத் தடவிப் பார்த்துக்கொள்வதை அவன் பார்த்திருக்கிறான். பார்த்துச் சந்தோஷப்பட்டும் இருக்கிறான், அதை மறைப்பானேன்.

அன்றைக்கு மத்தியானம் அவன் முற்றத்தில் உட்கார்ந்து புது நரம்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். முப்பது வயசு இருக்கும். உப்புக்காற்றில் வெந்த முகம், நம் பக்கத்து வெட்டு இல்லாத ஆட்டுத்தோல் மேலாடை. முந்தின நாள் சீதோன் வியாபாரிகளின் கப்பல் ஒன்று துறைக்கு வந்திருந்தது. அதில் வந்தவனாக இருக்கும் என்று ஓர்சிலோஸ் நினைத்தான்.

"பாணர் ஓர்சிலோஸ் வீடு இதுங்களா?" என்று கேட்டான். நம் பாஷைதான், ஆனால் துறைமுகத்தில் பொறுக்கிச் சேர்த்த பாஷை.

"நான்தான். சொல்லுங்க."

வந்தவன் இடுப்புக் கச்சையிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினான். ஒரு ஆட்டின் கணுக்கால் எலும்பு. முழுசு இல்லை, பாதி. நடுவில் பிளந்தது.

எங்கள் வழக்கம் இது. ஒரு வீட்டில் உப்பைத் தின்றவன் அந்த வீட்டுக்காரனோடு உறவு வைத்துக்கொள்ள நினைத்தால், கணுக்கால் எலும்பு ஒன்றை இரண்டாகப் பிளந்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்கள். பிற்பாடு அந்தப் பாதியோடு மகன் வரட்டும், பேரன் வரட்டும், அவனுக்குக் கூரையும் சோறும் கொடுக்க வேண்டும். அவனுக்காகச் சபையில் எழுந்து பேசவும் வேண்டும். மறுத்தால் விருந்தாளிகளைக் காக்கிற ஸீயஸ் சும்மா விடமாட்டார். இதில் மட்டும் எங்களில் எவனும் விளையாட மாட்டான்.

ஓர்சிலோஸ் நரம்பைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். உள்ளே போய் நரம்புப் பெட்டியைத் திறந்தான். அடியில், பழைய யாழ்த் திருகுகளோடு திருகாக, மற்றப் பாதி கிடந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை தூக்கிக் கடலில் போட நினைத்ததுண்டு, தைரியம் வரவில்லை. எடுத்துக்கொண்டு வந்து வைத்துப் பார்த்தான். இரண்டும் ஒட்டின.

"நான் நெண்டாஸ் மகன், துகேத்" என்றான் வந்தவன். முகம் முழுக்கச் சிரிப்பு. "உங்களைச் சித்தப்பான்னு கூப்பிடணும்னு அப்பா சொல்லியிருக்கார்."

மிர்தோ கெட்டிக்காரி. கேள்வி கேட்காமல் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள், வாற்கோதுமை ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கருவாடும் கொண்டுவந்து வைத்தாள். துகேத் சாப்பாட்டின்முன் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் ஓர்சிலோஸ், தான் என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே, இடத்தைவிட்டுத் திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

"என்னங்க இது, விருந்தாளி சாப்பிடறார், நீங்க முதுகைக் காட்டிக்கிட்டு" என்று மிர்தோ சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் அவள் பேச்சு நின்றுவிட்டது. அவளும் அந்தப் பாட்டை இருபது வருஷமாகக் கேட்டவள்தானே. புருஷன் முதுகையும் அந்த ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

துகேத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சித்தப்பா எங்க வழக்கத்தை மறக்கலை" என்றான்.

இருபது வருஷத்தில் ஓர்சிலோஸ் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. அப்போது அந்த ஊரில் மூன்று நாள் இருந்தும் கேட்கவில்லை, பாட்டு கட்டும்போதும் தோன்றவில்லை. சுவரைப் பார்த்தபடியே இப்போது கேட்டான். "தம்பி, நீங்க ஏன் அப்படித் திரும்பி உட்காரறீங்க?"

"தெரியாதுங்களா?" துகேத்துக்கு ஆச்சரியம். "பசியோட வந்தவன் அள்ளி அள்ளிச் சாப்பிடுவான். அதை இன்னொருத்தன் பார்த்தா அவனுக்கு வெட்கமா இருக்குமில்ல? அதான். வேற ஒண்ணுமில்லை."

வேறு ஒன்றுமில்லை. ஓர்சிலோஸுக்குக் காது மடல் இரண்டும் சுட்டது. மிர்தோ இருக்கிற பக்கம் அவன் திரும்பவே இல்லை.

சாப்பிட்டு முடித்துத் துகேத் வந்த காரியத்தைச் சொன்னான். அறுவடை ஆனதும் கால்கிஸிலிருந்து இரண்டு கப்பலில் ஜனங்கள் குடியேற வருகிறார்கள் என்று அவர்கள் பக்கத்துக்குச் சேதி போயிருந்தது. வரட்டும், அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஆற்றுமுகத்துக் கீழ்நிலத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். மேலே மேய்ச்சலும் ஊற்றும் மட்டும் தங்களுக்கு வேண்டும். இதற்கு இரண்டு தரப்பும் ஆடு வெட்டிச் சத்தியம் பண்ணிக்கொண்டால் போதும்.

"சத்தியம் இல்லாம வந்தா ஈட்டியோடதான் வருவாங்க, எங்களுக்குத் தெரியும். பக்கத்துப் பள்ளத்தாக்குல அப்படித்தான் ஆச்சு. அங்க இருந்தவங்க இப்ப அங்க இல்லை. நாளைக்குச் சபை கூடுதாம். எனக்கு அங்க பேச உரிமை இல்லை. நீங்க எழுந்து நடந்ததைச் சொன்னாப் போதும். நாங்க விருந்தாளியை மதிக்கிறவங்க, சத்தியத்துக்குத் தகுதியானவங்கன்னு. வேற யார் சொல்லுவாங்க எங்களுக்கு?"

"நடந்ததையா" என்றான் ஓர்சிலோஸ்.

"துடுப்பால அடிச்சதைச் சொல்ல வேண்டாம். அப்பாவுக்கு இடுப்பெலும்பு போச்சு, குனிஞ்சுதான் நடந்தார், போன குளிர்காலத்துல காலமாயிட்டார். ஆனா அவர் கோபமா ஒரு வார்த்தை சொன்னதில்லை. பசிச்சவங்க, பயந்தவங்கன்னு சொல்லுவார். பாணர் அடிக்கலை, அவர்தான் ஓடும்போது திரும்பிப் பார்த்தார்னு சொல்லுவார்." துகேத் கொஞ்சம் தயங்கினான். "எங்களைப் பத்தி ஒரு பாட்டு கட்டறேன்னு அப்பாகிட்ட சொன்னீங்களாம். கட்டினாரான்னு கடைசிவரைக்கும் கேட்டுட்டே இருந்தார். கட்டினீங்களா?"

"கட்டினேன்."

"இங்க பாடுவாங்களா?"

"பாடுவாங்க."

"அப்பா இல்லாமப் போயிட்டார் கேக்கறதுக்கு" என்றான் துகேத். மிர்தோ தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். குடத்தில் தண்ணீர் இருந்தது.

நடந்தது என்ன என்று நானே சொல்லிவிடுகிறேன், அவன் வாயால் வராது. இருபது வருஷத்துக்கு முன்னால் பதினாலு பேர் புயலில் அடிபட்டு அந்தக் கரையில் ஒதுங்கினார்கள். கப்பலுக்குத் தலைவன் அகாசிக்ளிஸ். இன்றைக்குக் கால்கிஸில் பெரிய வீடு, குதிரைகள், சபையில் முதல் கல் ஆசனம் எல்லாம் அவனுக்குத்தான். குடியேறப் போகிற இரண்டு கப்பலும் அவன் கப்பல்தான். நெண்டாஸும் அவன் தம்பிமாரும் அந்தப் பதினாலு பேருக்கும் மூன்று நாள் கறியும் பாலாடைக்கட்டியும் தேனும் போட்டார்கள். போட்டுவிட்டு மரியாதையாகத் திரும்பி உட்கார்ந்தார்கள். இரண்டாம் நாள் ஓர்சிலோஸ் நெண்டாஸோடு எலும்பு பிளந்துகொண்டான், அதை மனசாரத்தான் செய்தான். மூன்றாம் நாள் அகாசிக்ளிஸ் திரும்பியிருந்த முதுகுகளைப் பார்த்தான். பட்டியில் இருந்த ஆடுகளைப் பார்த்தான். கண்ணால் சைகை காட்டினான். துடுப்பைத் தூக்கி நெண்டாஸை அடித்தவனும் அவனே. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு ஆடாகத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓர்சிலோஸ் அடிக்கவில்லை, வாஸ்தவம். ஆனால் அவன் தோளிலும் ஒரு குட்டி இருந்தது.

தேரோன் என்று ஒருத்தன் பாறையில் வழுக்கி, தோளில் இருந்த ஆட்டோடு விழுந்து மண்டை உடைந்து செத்தான். ஊர் திரும்பினதும் அவனைப் பெற்றவள் துறையிலேயே உட்கார்ந்து, என் பிள்ளை எப்படிப் போனான் என்று ஒவ்வொருத்தனாகக் கேட்டாள். திருடின ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது விழுந்தான் என்று எவன் சொல்வான்? அகாசிக்ளிஸ் ஓர்சிலோஸைப் பார்த்தான். பாணன்தானே நீ, ஏதாவது சொல்லித் தொலை என்கிற பார்வை. ஓர்சிலோஸ் வாயைத் திறந்தான். அந்த ஜனங்களுக்கு முதுகில் வாய் முளைத்தது அன்றைக்குத்தான்.

பொழுது சாய்கிற நேரத்தில் மிர்தோ அவனைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள். துகேத் முற்றத்தில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"இருபது வருஷமா உங்களோட குடும்பம் நடத்தறேன். இந்த எலும்பு எதுக்குன்னு கேட்டப்போ நரம்பு தேய்க்கிறதுன்னு சொன்னீங்க."

அவன் கீழே கிடந்த சுள்ளி ஒன்றை எடுத்து ஒடித்தான்.

"அந்தப் பாட்டைப் பாடி நம்ம பிள்ளைங்களைத் தூங்க வெச்சேன் நான். நாளைக்குச் சபையில சொல்லுவீங்களா மாட்டீங்களா?"

"சொல்றதுன்னா அகாசிக்ளிஸைத் திருடன்னு சொல்லணும், மிர்தோ. அவன் வீட்டு இறைச்சிதான் நாம சாப்பிடறது."

"நான் கேட்டது அது இல்லை."

"சொல்றேன்" என்றான் அவன். சொல்லும்போது நிஜமாகத்தான் சொன்னான். ராத்திரிச் சாப்பாட்டை வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் படுத்து, மறுநாள் பேச வேண்டிய வார்த்தைகளை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தான். நல்ல வார்த்தைகளாகத்தான் வந்தன.

எங்கள் சபை கூடுவது நீரிணைக் கரையில், பெரிய மரத்தடியில். அங்கிருந்து பார்த்தால் தண்ணீர் வடக்கே ஓடுகிறதா தெற்கே ஓடுகிறதா என்று தெரியும். ஒரு நாளைக்குப் பல தடவை திசை மாறுகிற தண்ணீர் அது. கப்பல்காரர்கள் அதைப் பார்த்துத்தான் புறப்படுவார்கள். அன்றைக்கு நல்ல கூட்டம். நிலம் இல்லாத இளைய மகன்கள் அத்தனை பேரும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள். போகிற இடத்தில் ஆளுக்கு ஒரு துண்டு நிலம் என்று அகாசிக்ளிஸ் சொல்லியிருந்தான்.

காவலன் கோலைக் கொண்டுவந்து ஓர்சிலோஸ் கையில் கொடுத்தான். கோலைப் பிடித்திருக்கும்வரை அவன் பேச்சை யாரும் மறிக்கக் கூடாது.

"இவர் என் வீட்டு விருந்தாளி" என்று ஆரம்பித்தான். குரல் நன்றாகவே இருந்தது. இரண்டு பாதி எலும்பையும் ஒட்டித் தூக்கிக் காட்டினான். ஜனங்கள் மதிப்போடு முணுமுணுத்தார்கள். "இவர் அப்பாவோட நான் பிளந்துக்கிட்டது. மேற்கே, புகை மலைக்குக் கீழே இருக்கிற ஊர்."

முணுமுணுப்பு சட்டென்று நின்றது. பின்வரிசையில் ஒருத்தன், "அட, முதுகுவாயனா?" என்றான். அவ்வளவுதான், கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அவனைத் திரும்பி நிக்கச் சொல்லுங்கப்பா, பார்ப்போம்."

"கிட்டப் போகாதே, நீ வேற காலையில குளிச்சு மணக்க மணக்க வந்திருக்கே."

துகேத்துக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பச் சொல்கிறார்கள் என்று மட்டும் புரிந்தது. இது இந்த ஊர் வழக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, சிரித்தபடியே சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். முன்வரிசைப் பையல் ஒருத்தன் எழுந்து வந்து அவன் மேலாடையைப் பிடித்துக் கீழே இழுத்தான். வெயில்படாத வெளுத்த முதுகு. இடது தோளெலும்புக்குப் பக்கத்தில் ஒரு மச்சம். அதைத் தவிர ஒன்றுமில்லை. பார்த்தார்கள், எல்லாரும் நன்றாகப் பார்த்தார்கள்.

"மூடி வெச்சிருக்கான்டா" என்றான் அந்தப் பையல். மறுபடியும் சிரிப்பு.

ஓர்சிலோஸ் கையில்தான் கோல் இருந்தது. இப்போது சொல்லியிருக்கலாம். இதோ கண்ணெதிரே முதுகு இருக்கிறது, இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும். ராத்திரி அடுக்கின வார்த்தையில் முதல் வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. "நான் பாடின பாட்டுல" என்றான்.

அகாசிக்ளிஸ் தன் கல் ஆசனத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நல்ல சதைப்பிடிப்பு, நரைத்த தாடி, எப்போதும் சிரிக்கிற கண். கெட்டவன் என்று ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். பஞ்சகாலத்தில் தன் தானியக் களஞ்சியத்தைத் திறந்துவிட்டவன்.

"என்ன பாணரே, இழுக்கறீங்க" என்றான். "உங்க வாய் இன்னிக்கு எந்தப் பக்கம் இருக்கு, முன்னாலயா பின்னாலயா?"

கோல் வைத்திருப்பவன் பேச்சை மறிக்கக் கூடாதுதான். ஆனால் அகாசிக்ளிஸ் பேசினால் அது மறிப்பு என்று யாருக்கும் தோன்றுவதில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, மெதுவான குரலில், கிட்டத்தட்டப் பிரியமாக, அவன் கேட்டான். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தப் பாட்டை நீங்களா கட்டினீங்களா, பாட்டுத் தேவி கொடுத்ததா?"

அது எப்பேர்ப்பட்ட கேள்வி என்று எங்களில் யாருக்கும் விளக்க வேண்டாம். பாணன் எங்களுக்குக் கதை சொல்கிறவன் இல்லை. பார்க்காத போரையும் செத்துப்போன பாட்டன்மாரையும் அவனுக்குத் தேவி காட்டுகிறாள், அவன் பாடுகிறான். சபையில் இருந்த அத்தனை பெரிய வீட்டுக்காரர்களும், தங்கள் பாட்டன் தேவ வம்சம் என்று நம்பிக்கொண்டிருப்பது ஓர்சிலோஸ் பாடினதைக் கேட்டுத்தான். ஒரு பாட்டை நானே கட்டினேன் என்று அவன் சொன்னால் மற்ற தொண்ணூற்றொன்பதும் அந்த நிமிஷமே செத்துப்போகும். அவனும் நாளையிலிருந்து யாழை வைத்துவிட்டு மீனுக்கு உப்புப்போடப் போக வேண்டியதுதான். அகாசிக்ளிஸுக்கு இது தெரியும். ஓர்சிலோஸுக்கு அது தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

துகேத் இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றான். திரும்பலாம் என்று யாரும் சொல்லவில்லை.

"தேவி கொடுத்தது" என்றான் ஓர்சிலோஸ்.

இரண்டே வார்த்தை. அடுக்கி வைத்திருந்த மற்ற வார்த்தைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. அவனுக்குத் தன்மேல் காறித் துப்பவேண்டும்போல இருந்தது, துப்பவும் இல்லை.

"அப்பப் பாடுங்க" என்றான் அகாசிக்ளிஸ். "குடியேறப் போற பசங்க ஒருதடவை கேட்டுட்டுப் போகட்டும்."

யாரோ யாழைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். பாடாமல் இருந்திருக்கலாம். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அவன் கை நரம்புக்குப் போயிற்று. அதைவிடக் கேவலம் என்னவென்றால், நன்றாகப் பாடினான். இரண்டு அடி போவதற்குள் சுருதி கூடிவிட்டது, மூன்றாவது அடியில் கூட்டம் அவன் கைக்குள் வந்துவிட்டது, அது வந்தது அவனுக்குப் பிடித்தும் இருந்தது. பாட்டு பாஷை பழைய பாஷை, துறைமுகத்தில் கற்றவனுக்குப் புரியாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பாடினான். முதுகில் வாய் திறக்கிற இடம் வந்தது. உள்ளங்கையால் நரம்புகளை அமுக்கினான்.

சபை மூச்சடங்கி இருந்தது. அந்த அமைதியில் துகேத்தின் கை மெல்ல எழுந்து போய் அவன் பிடரியைத் தொட்டுப் பார்த்தது. பார்த்துவிட்டு, கீழே விழுந்து கிடந்த மேலாடையை எடுத்துப் போர்த்திக்கொண்டது.

முடிவு சொல்ல வெகுநேரம் ஆகவில்லை. தெய்வ பயம் இல்லாத ஜனத்தோடு ஆடு வெட்டிச் சத்தியம் பண்ணினால் அந்தச் சத்தியத்துக்கு எந்தத் தெய்வம் சாட்சி நிற்கும் என்று ஒருத்தர் கேட்டார். நியாயம்தானே என்றார்கள். சத்தியம் இல்லை. கப்பலில் ஏறுகிறவன் ஒவ்வொருத்தனும் ஈட்டி கொண்டுவரவேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று.

துகேத் முன்னால் போய்விடுவான் என்று ஓர்சிலோஸ் நினைத்தான், போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் மரத்துக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டு நின்றான். இரண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்கு நடந்தார்கள். மேட்டில் ஏறும்போது ஓர்சிலோஸுக்கு மூச்சு வாங்கியது. துகேத் யாழை வாங்கித் தான் தூக்கிக்கொண்டான்.

வீட்டில் மிர்தோ இல்லை. நீரிணைக் கரையில் துணி துவைக்கிற பெண்களுக்குச் சபையில் பாடுகிற பாட்டு தெளிவாகக் கேட்கும். அவள் கேட்டிருப்பாள். முற்றத்தில் ரொட்டியும் ஒலிவக்காயும் வேகவைத்த மீனும் மூடி வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஒரு ஆளுக்கு உள்ளது மட்டும் இருந்தது. பக்கத்தில் துகேத்துக்கு வழிச்சாப்பாடு தனியாக மூட்டை கட்டியிருந்தது.

"புரிஞ்சுதா தம்பி?" என்று கேட்டான் ஓர்சிலோஸ். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"புரிஞ்சுது." துகேத் யாழைச் சுவரில் சாய்த்து வைத்தான், பார்த்து, நரம்பு உரசாமல். "அதுல அப்பா பேர் வரலை. அந்தமட்டுக்கு நல்லது."

"நாளைக்கு நான் அகாசிக்ளிஸை வீட்ல போய்ப் பார்த்து, தனியா..."

"கப்பல் இன்னிக்கே கிளம்புது சித்தப்பா. தண்ணி திரும்பினதும்."

இன்னமும் சித்தப்பா என்றுதான் சொன்னான். வைதிருந்தால் தேவலை. ஓர்சிலோஸ் தன் பாதி எலும்பை அவன் பக்கம் நீட்டினான். "இதையும் எடுத்துக்கோ. இதை வெச்சிருக்க எனக்கு யோக்கியதை இல்லை."

துகேத் வாங்கவில்லை. தன் பாதியைக் கச்சையில் முடிந்துகொண்டான். "உங்களுது உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு மூணு பசங்க. அறுவடைக்கு அப்புறம் அதுங்க எங்க இருக்கும்னு யாருக்குத் தெரியும். யாராவது அடிமையா வித்து, ஏதாவது ஒண்ணு இந்த ஊருக்கு வந்து சேர்ந்தா, அதுக்கு ஒரு வீடு வேணுமில்ல."

ஓர்சிலோஸ் எலும்பை உள்ளங்கையில் மூடிக்கொண்டான். அழுகை வரும் என்று பார்த்தான், அதுகூட வரவில்லை.

"நேத்திலிருந்து நீங்க ஒண்ணும் சாப்பிடலை" என்றான் துகேத். "சின்னம்மா வெச்சுட்டுப் போயிருக்காங்க. சாப்பிடுங்க."

"எனக்கு இறங்காதுப்பா."

துகேத் அவனைக் கொஞ்சநேரம் பார்த்தான். அப்புறம் ரொட்டியை அவன் பக்கம் நகர்த்தி வைத்தான். எழுந்து இரண்டு அடி தள்ளிப் போய், சுவரைப் பார்த்து, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். கைகளை முழங்காலைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். அவன் அப்பாவும் அன்றைக்கு இப்படித்தான் உட்கார்ந்திருந்தார், துடுப்பு வந்து விழுகிறவரை.

வெளியே துறையில் சீதோன்காரர்கள் கயிறு அவிழ்க்கிற குரல் கேட்டது. துகேத் திரும்பவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. மேலாடையை அந்தப் பையல் இழுத்த இடத்தில் ஆட்டுத்தோல் கிழிந்து, அந்த மச்சம் தெரிந்தது.

ஓர்சிலோஸ் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டான். இறங்கியது. பசி அவ்வளவு இருந்தது அவனுக்கே தெரியவில்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே, மீனையும் ரொட்டியையும் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிச் சாப்பிட்டான்.